பத்து இரும்புக் காலிப்பர்கள்

தருமம் என்ற பேச்சை எடுத்தாலே அந்த மாதம் முழுக்கக் கொளஞ்சியப்பனுக்குக் கசந்தது. கள்ளக்குறிச்சியில் போலியோ வந்த கால்களுக்குக் காலிப்பர் செய்கிறவன் அவன். காலின் இரு பக்கமும் பட்டை, முட்டியில் பூட்டு, தொடையில் வார். அதை மாட்டினால்தான் துவண்ட கால் நிற்கும்.

பத்துப் பேருக்கு இலவசமாகக் கொடுக்கிறேன் என்று வந்தார் ராஜாங்கம். தியாகதுருகம் பக்கத்து நிலக்காரர். சீருக்குக் குடம் வாங்கினாலும் கையில் தூக்கிப் பார்த்துக் கனத்துக்கு மதிப்புப் போடுகிற குடும்பம். மாதிரிக்கு வைத்திருந்த காலிப்பரையும் அப்படித்தான் தூக்கிப் பார்த்தார். அது அலுமினியப் பட்டை. தொடைக்குத் தோல் இல்லாமல், கிணற்று மோட்டாருக்குப் போடும் கறுப்புக் குழாயைப் பிளந்து சூடுகாட்டி வளைத்திருந்தான். மொத்தமும் ஒரு கிலோ வராது.

“இன்னாய்யா, மோட்டார் பைப்ப வெட்டி மாட்டி வெச்சிருக்க? என் பேருல குடுக்கற சாமான். நாலு பேரு தூக்கிப் பாத்தா கனம் தெரிய வேணாமா? இரும்புலயே செய்யி.”

“லேசா இருந்தாத்தாங்க அந்தக் காலு தூக்கும். இரும்பு ஜாஸ்தி கனங்க.”

“சொன்னத செய்யி.”

செய்தான். பத்தும் இரும்பு, ஒவ்வொன்றும் இரண்டரை கிலோ. மாதிரிக்கு வைத்திருந்த அந்த அலுமினியக் காலிப்பர், பத்துப் பேரில் ஒருத்தியான வெள்ளிமலைப் பெரியம்மாளின் காலுக்கு அளவெடுத்துச் செய்தது. அவள் ஊர் பால்வாடியில் ஆயா வேலை காலியாக இருந்தது. மேட்டில் தண்ணீர்க் குடத்தோடு ஏறிக் காட்டினால்தான் வேலை; ஒற்றைக்கால்காரிக்கு எதுக்கு என்று அதிகாரி ஏற்கெனவே சிரித்திருந்தார். மறுபடி பார்க்க வரப்போகிறார். அவளுக்கு இருந்தது அந்த ஒரு வாய்ப்புதான்.

காலிப்பர் கொடுக்கும் விழா நாள் வந்தபோது எண்பத்தேழாம் வருஷத்துச் சாலை மறியல். இடஒதுக்கீடு கேட்டுப் புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. நோட்டீஸில் தேதி அடித்தாகிவிட்டது, தள்ளிவைக்க முடியாது என்று ராஜாங்கம் ஒரே பிடியாக நின்றார். பெரியம்மாள் முன்பே மலையிறங்கி வந்து டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தாள். மற்ற ஒன்பது பேரும் டவுன் பக்கத்து ஆட்கள்.

மரம் மறித்து ராஜாங்கத்தின் கார் பாதி வழியில் நின்றுவிட, மூன்று மைல் நடந்து வந்து சேர்ந்தார். வேட்டியெல்லாம் புழுதி. காலில் புத்தம்புது ரப்பர் செருப்பு. கனத்த தோல் பூட்ஸைக் கூட வந்த ஆள் கையில் தூக்கிக்கொண்டு வந்தான். அந்தப் பூட்ஸைப் பார்த்தான் கொளஞ்சியப்பன்.

போட்டோ பிடிக்கப் பெரியம்மாளை முதலில் நடக்கச் சொன்னார்கள். இரும்பைப் பூட்டி எழுந்தாள். கால் தரையை விட்டு எழும்பவில்லை. தொடையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மூன்றாவது அடியில் சாய்ந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“பழகுனா சரியாப்பூடும்மா,” என்றார் ராஜாங்கம், போட்டோக்காரனைப் பார்த்தபடி.

கொளஞ்சியப்பனுக்கு அதற்குமேல் அடங்கவில்லை. “ஐயா, நீங்க ஏங்க பூட்ஸ கழட்டிட்டு ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கினீங்க?”

“மூணு மைலுய்யா. கனம் தாங்கல, காலு கொப்புளம் போட்டுப்போச்சு.”

“பழகிக்கலாமேங்க.”

ராஜாங்கம் கோபப்படவில்லை. ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். “அது என் காலுய்யா.”

அவ்வளவுதான். அதற்குமேல் சொல்ல ஏதாவது இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை. கொளஞ்சியப்பன் குனிந்து பெரியம்மாளின் இரும்பை அவிழ்த்தான். தன் பைக்குள்ளிருந்த அலுமினியக் காலிப்பரை எடுத்து மாட்டினான்.

“அதுல என் பேரு வராது,” என்றார் ராஜாங்கம்.

“வராதுங்க.”

பெரியம்மாள் எழுந்தாள். ஒரு அடி, இன்னொரு அடி. “அண்ணே, காலு வருது,” என்றாள். போட்டோவுக்கு நிற்காமல் வெளியே போனாள். சாய்ந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்து, முட்டிப் பூட்டைத் திறந்து காலை மறுபக்கம் போட்டுக்கொண்டு, மறுபடி பூட்டி எழுந்து, வெள்ளிமலைக்குப் போகும் கச்சிராயபாளையம் சாலையில் நடந்தாள். குடத்தோடு அந்த மேடு ஏறிவிடுவாள், சந்தேகமில்லை.

உள்ளே விழா நடந்தது. மற்ற ஒன்பது பேரும் வரிசையாக வந்து கும்பிட்டு, இரும்பை மாட்டிக்கொண்டு, தரையைக் கீறிக்கொண்டே போனார்கள். அவர்களுக்கு மாற்றிக் கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை. போகும்போது ஒவ்வொருவராக அவனைப் பார்த்து நன்றி சொன்னார்கள். கொளஞ்சியப்பன் தன் கையைப் பார்த்தான். அந்த ஒன்பது இரும்பையும் அடித்தது ராஜாங்கம் இல்லை.