கோப்பையின் அடியில்

அரிஸ்டோன் கோப்பையும் கையுமாக எங்கள் சூளைக்கு வந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது. விருந்தில் குடித்த மது பாதி, கோபம் பாதி.

"யோவ் தெலாஸ்! 'அரிஸ்டோன் அழகன்'னு எழுதச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க ஐயா." அவனுடைய கோணல் மூக்கைப் பார்த்தபடி சிரிக்காமல் பதில் சொல்வதற்குப் பெரும்பாடு பட்டேன்.

"குடிச்சு முடிச்சிட்டு, அடியில இருக்குறத வாசிங்கடான்னு கூட்டாளிங்ககிட்ட நீட்டினேன். 'மிரோ அழகி'ங்கிறான் ஒருத்தன்! எவய்யா அந்த மிரோ? ஊரே சிரிக்குது."

மிரோ என் தங்கை. மூலையில் களிமண் பிசைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் கோப்பைகளுக்கு ஓவியம் தீட்டுகிறவன் பைலாஸ். கறுப்பு உருவம் தீட்டி, ஊசியால் குதிரையின் பிடரிமயிரை ஒவ்வொன்றாகக் கீறுவதில் ஏதென்சில் அவனை மிஞ்ச ஆளில்லை. எழுத்துதான் தெரியாது. வாங்குகிறவர்களுக்கும் தெரியாது என்பதால், எறும்பு ஊர்ந்ததுபோல எதையாவது தீட்டிவிடுவான். அரிஸ்டோனின் கூட்டாளிகள் படித்தவர்களாயிற்றே! அதனால் இந்த முறை, எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த ஒரே ஆளான மிரோவை ஓர் ஓட்டுச்சில்லில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். பைலாஸ் அதைப் பார்த்துத் தீட்டினான்.

மறுநாள் மெகாராவிலிருந்து ஓர் எண்ணெய் வியாபாரி வருவதாக இருந்தது. மிரோவை அவருக்குக் கொடுப்பதாக நான் வாக்குச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்தேன்.

"என்னடி எழுதிக் குடுத்தே?"

அவள் வாய் திறப்பதற்குள் பைலாஸ் எழுந்து நின்றான். மூன்று வருஷத்தில் "சரிண்ணே" தவிர வேறு வார்த்தை பேசாதவன்.

"அவ சரியாத்தான் எழுதிக் குடுத்தாண்ணே. நான்தான் மாத்திட்டேன்."

"நீயா? உனக்கு எழுத்து தெரியுமாடா?"

"தெரியும்."

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றிருந்தது எனக்கு. கோப்பையை நீட்டினேன். "எங்க, வாசி பாப்போம்."

உள்ளே விரலை விட்டு எழுத்துகள்மேல் நகர்த்தினான். "மிரோ... அழகி." சொல்லி முடித்துவிட்டான். விரல் இன்னும் பாதி வழியில் நின்றது.

மிரோ எழுந்து வந்தாள். மண் கையோடு அந்த விரலைப் பிடித்து, மிச்ச எழுத்துகளின்மேல் மெல்ல இழுத்துக்கொண்டுபோய்க் கடைசியில் நிறுத்தினாள். எழுதியது அவள், அவளுக்காகப் பழியை ஏற்றவன் அவன்: எழுத்து தெரியாத எனக்கே எல்லாம் விளங்கிவிட்டது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"என் கோப்பைக்கு என்னய்யா வழி?" என்றான் அரிஸ்டோன்.

"புதுசா செஞ்சு தர்றேங்க. 'அரிஸ்டோன் அழகன்'னே எழுதுவோம். எழுத்து தெரியாதவன் எத வேணா எழுதுவான்."

சமாதானம் என்று நினைத்து, பழைய கோப்பையை வைத்துவிட்டுப் போனான்.

"நாளைக்கு மெகாராக்காரருக்கு என்னண்ணே சொல்லப் போறே?" மிரோ தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"நான் எதுக்குச் சொல்லணும்? தண்ணி குறைச்சுக் கலந்து, இந்தக் கோப்பையிலயே மது ஊத்திக் குடு. சேதி அடியில இருக்கு."

"அவருக்கு வாசிக்கத் தெரியலேன்னா?"

"அதான் பைலாஸ் இருக்கானே, வாசிச்சுக் காட்டுவான்."