பழகின தீ

செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் பஞ்சுக் கிட்டங்கியை எரித்த தீ, எரிப்பதற்கு நான்கு வருஷம் முந்தியே வந்து உட்கார்ந்துவிட்டது. 1942 சித்திரையில் ஒரு திங்கட்கிழமை காலை, பஞ்சு பொறுக்க வந்த பெண்கள் தலையை நிமிர்த்திப் பார்த்தபோது முன்வாசல் நிலைக்கு மேலே எள் அளவுக்கு ஒரு சுடர் நின்றது. திரி கிடையாது, எண்ணெய் கிடையாது, புகையும் கிடையாது. விளாத்திகுளத்திலிருந்து பஞ்சு ஏற்றிவந்த வண்டிக்காரன் ஒருவன் ஏணியில் ஏறி அதில் பீடி பற்றவைக்கப் பார்த்தான், பற்றவில்லை. விரலை வைத்தான், சுடவில்லை. பஞ்சுத் துகள் பறந்துபோய் அதன்மேல் விழுந்து வெள்ளையாகவே கிடந்தது. பத்து மணிக்குள் எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள், அன்றைக்கு வந்திறங்கிய பொதி அத்தனை.

அந்தச் சுடர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தவள் சண்முகத்தாய் ஒருத்திதான். பஞ்சு பொறுக்கும் பெண்களுக்கு அவள் மேஸ்திரி. புருஷன் ரங்கூனுக்குப் போனவன் போனவன்தான், முத்துக்கனி என்று ஒரே மகள். எதிர்க்கோடியில் இருந்த பின்கதவு வழியாகத்தான் பொதிகளை வண்டியில் ஏற்றுவார்கள். மற்ற நேரத்தில் பெண்கள் மடியில் பஞ்சைச் செருகிக்கொண்டு அந்த வழியே போய்விடுவார்கள் என்று அண்ணாச்சி அதைப் பூட்டியே வைத்திருந்தார். பூட்டுவது சண்முகத்தாயின் கை, சாவி இருப்பது அண்ணாச்சியின் இடுப்பு. அவள் பூட்டைத் திருகும்போதெல்லாம் முன்வாசலில் அந்தச் சுடர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும். திறந்தால் சுருங்கிக்கொள்ளும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பொழுதுக்கும் நிமிர்ந்தே நிற்கும். வெள்ளிக்கிழமை கிட்டங்கியிலிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது, லெச்சுமி கூடவே போய்விடுவாள் என்பது அண்ணாச்சி வீட்டு வழக்கம். அதனால் அன்றைக்குச் சாவி அவர் வீட்டுப் பூஜையறையில் லெச்சுமி படத்தின் காலடிக்குப் போய்விடும், சனிக்கிழமை காலையில்தான் திரும்பும்.

அண்ணாச்சியைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. முத்துக்கனிக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது வண்டி வைத்து டாக்டரை அழைத்துவந்தவர் அவர். பெண்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், பொங்கலுக்குச் சேலை எடுத்துத் தருவார். ஆனால் பின்கதவைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருக்குக் காது கேட்காது. ஊர்க்காரர்கள் தீயைப் பார்க்க வந்தால் மட்டும், “நம்ம கிட்டங்கித் தீ பழகின தீல்லா” என்று பெருமையாகச் சொல்வார்.

யுத்தம் நெருங்கி வந்த காலம். ஜப்பான்காரன் குண்டு போட்டால் ஊர் எரியுமே என்று கடைகளுக்கும் கிட்டங்கிகளுக்கும் ஒரு தீப்பாதுகாப்பு இன்ஸ்பெக்டரைப் போட்டார்கள். பெயர் தேவதாசன், சாத்தான்குளத்துக்காரர், முன்பு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்தவர். கஞ்சி போட்ட காற்சட்டையும் சைக்கிளுமாக வந்து, பன்னிரண்டு வாளிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கவைத்து வரிசையாகத் தொங்கவிட்டார். தண்ணீர் ஊற்றிவைத்தால் சாயங்காலத்துக்குள் குடித்துவிடுகிறார்கள், இந்த ஊர்த் தண்ணீர்ப் பாடு அப்படி. கடல்நீர் ஊற்றச் சொன்னார், உப்பு பட்டால் வாளி இற்றுப்போகும் என்றார் அண்ணாச்சி. கடைசியில் மணல் என்று முடிவாயிற்று. பெண்களை வரிசையாக நிறுத்தி, வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி எண்ணிக்கொண்டே கொட்டச் சொல்லிக் கொடுத்தார். எண்ணினால் கை பதறாது என்பார். வரிசையில் முதல் ஆளாக நின்று எண்ணும் வேலையை, அப்போது அம்மாவுக்குச் சோறு கொண்டுவருகிற சின்னப்பிள்ளையாக இருந்த முத்துக்கனி எடுத்துக்கொண்டாள்.

அவர் வருகிற நாள் அண்ணாச்சிக்கு முந்தினநாளே காப்பிக் கிளப்பில் தெரிந்துவிடும். அன்றைக்குப் பின்கதவு விரியத் திறந்திருக்கும், இன்ஸ்பெக்டர் தெருமுனை திரும்பியதும் பூட்டிவிடுவார்கள். ஒருதடவை சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஒரு வாளிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டார். மேலே நாலு விரல் மணல், கீழே முழுக்க உமி. மணலை அண்ணாச்சி வீட்டுக் கட்டடத்துக்கு அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். தேவதாசன் உமியை ஊதித் தள்ளிவிட்டு மூன்று பக்கம் ரிப்போர்ட் எழுதினார். ஒரு வாரம் மணல் இருந்தது. இன்சூரன்சு ஏஜென்டும் ஒருநாள் வந்தார். உள்ளே இருக்கும் சாமான்களைப் பட்டியல் எழுதினார்: தராசு ஒன்று, ஏணி ஒன்று, தீ ஒன்று. கையெழுத்துப் போட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

எள்ளாக இருந்த சுடர் இரண்டு வருஷத்தில் புளியங்கொட்டை அளவாயிற்று, மூன்றாவது வருஷம் மாங்கொட்டை. முத்துக்கனிக்குப் பதினாலு வயதானபோது அவளும் பஞ்சு பொறுக்க வந்தாள், அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அன்றிலிருந்து சண்முகத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மட்டுமாவது சாவி கிட்டங்கியில் இருக்கட்டும் என்று அண்ணாச்சியிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். எரியாத தீக்கு எதற்குப் பயப்படுகிறாய் என்று அவர் சிரித்தார். மற்றப் பெண்களும் சிரித்தார்கள். புன்னைக்காயலிலிருந்து வந்த அந்தோணியம்மாள் மட்டும் உள்ளே வரும்போதும் போகும்போதும் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வாள், அதுவும் பழக்கத்தில்தான்.

யுத்தம் முடிந்ததும் தேவதாசனின் வேலையும் முடிந்தது. சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தே வந்தவர், சுவரில் மாட்டுவதற்கு என்று தன் கைக்காசில் வாங்கிய கடப்பாரை ஒன்றைச் சண்முகத்தாயிடம் கொடுத்தார். ரிப்போர்ட் எல்லாம் எங்கே போகிறது என்று தனக்கே தெரியவில்லை என்றார். “சாவி இல்லாட்டி இதுதாம்மா சாவி. செவத்த விட்டு எறக்க விட்ராத” என்றார். 1946 வைகாசியில் அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம். பந்தல்கால் ஊன்றக் குழி தோண்டவேண்டும் என்று கடப்பாரையை வாங்கிக்கொண்டு போனார்கள். பந்தலுக்குத் தரை போட, வாளிகளில் மேலாகக் கிடந்த நாலு விரல் மணலும் போயிற்று, முழுக்க உமியாயிற்று. கல்யாணப் பந்தலுக்கு என்று கேட்டால் எப்படி மறுப்பது? வைகாசியில் போன கடப்பாரை ஆடி வரைக்கும் திரும்பவில்லை.

ஆடி மூன்றாம் வெள்ளி, மதியத்துக்கு முன்பு சண்முகத்தாய் தற்செயலாக முன்வாசலைக் கடந்தபோது உச்சந்தலையில் சூடு தெரிந்தது. நான்கு வருஷத்தில் முதல்தடவையாக அந்தச் சுடர் சுட்டது. முழம் உயரத்துக்கு நிமிர்ந்து பின்கதவையே பார்த்துக்கொண்டு நின்றது. எல்லோரும் வெளியே வாருங்கள் என்று கத்தினாள். பாதியில் எழுந்தால் அரைநாள் கூலி போய்விடும் என்று ஒருவரும் அசையவில்லை. முத்துக்கனி தலையைக்கூடத் தூக்கவில்லை.

“எம்மா, நாலு வருசமா அங்கனயேதான இருக்கு. இன்னைக்கு என்ன புதுசா? ஒனக்கு மனசு கேக்கலன்னா போயி சாவிய வாங்கிட்டு வா.”

சண்முகத்தாய் அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினாள். முற்றத்தில் நின்றால் பூஜையறை நேரே தெரியும். லெச்சுமி படத்துக்கு முன்னால் வெற்றிலைமேல் சாவி இருந்தது, குங்குமம் வைத்திருந்தார்கள். அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

“ஏளா, ஆடி வெள்ளியும் அதுவுமா சாவிய எடுத்துக் குடுன்னா, லெச்சுமிய எந்திச்சுப் போன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு. நாளைக்கு விடிஞ்சதும் மொத வேலையா நானே கொண்டாந்து தாரேன்.”

முற்றத்திலிருந்து அந்தச் சாவி நாலு எட்டுத் தூரம். அண்ணாச்சி கிழவர், ஒரு தள்ளுத் தள்ளினால் விழுந்துவிடுவார். சண்முகத்தாய் தன் காலைக் குனிந்து பார்த்தாள். பஞ்சும் புழுதியுமான கால், காலையில் தலைக்குக் குளிக்கவுமில்லை. அவளும் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துக் கும்பிடுகிறவள்தான், உப்பைக்கூட அன்றைக்குக் கடன் கொடுக்கமாட்டாள். சரி அண்ணாச்சி என்று தலையை ஆட்டினாள். அந்த ஒரு ஆட்டலுக்காகத் தன் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளாத நாள் பிறகு அவளுக்கு இல்லை.

அவள் தெருமுனை திரும்புவதற்குள் நிலைக்கு மேலே இருந்த தீ இறங்கிவிட்டது. அவசரமே இல்லாமல் முன்வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது, பிறகுதான் பஞ்சைத் தொட்டது. ஊர் திரண்டு பின்கதவைக் கல்லால் இடித்தது. தேக்குக் கதவு, இரும்புப் பட்டை அடித்தது, கடப்பாரையைக் காணோம். உள்ளே பெண்கள் தேவதாசன் சொல்லிக் கொடுத்தபடியே வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றினார்கள். முத்துக்கனி எண்ணுகிற குரல் சுவருக்கு வெளியே தெளிவாகக் கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒவ்வொரு வாளிக்கும் உமி பற்றிக்கொண்டு உள்ளே வெளிச்சம் கூடியது. குரல் பதறவில்லை. ஒன்பது வரைக்கும் எண்ணினாள். சண்முகத்தாய் கதவில் கையை வைத்துக்கொண்டு பத்தாவதுக்காக நின்றாள். அவள் இன்னும் அதற்காகத்தான் நிற்கிறாள் என்று தெருவில் சொல்வார்கள்.

பதினோரு பேர் போனார்கள், அந்தோணியம்மாளும் அதில் ஒருத்தி. சனிக்கிழமை விடிந்ததும் செந்தூர்பாண்டி அண்ணாச்சி சொன்ன சொல் தவறாமல் வந்தார். சாவியைச் சண்முகத்தாயின் கையில் வைத்தார். அழுதார், வாசலிலேயே உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். “நேத்து வெள்ளிக்கெழமைளா, என்னால முடியல” என்றார். அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவரைத் திட்ட வாய் வரவில்லை. திட்டினால் பாதி தன்மேலும் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

1948 தையில் அதே இடத்தில் புதுக் கிட்டங்கி எழும்பிற்று. பின்பக்கம் புதுக் கதவு, புதுப் பூட்டு. பால் காய்ச்சிய அன்றே முன்வாசல் நிலைக்கு மேலே எள் அளவுக்குச் சுடர் வந்து உட்கார்ந்தது. அண்ணாச்சி அண்ணாந்து பார்த்துவிட்டு, “வந்துட்டா” என்று மட்டும் சொன்னார். இன்சூரன்சு ஏஜென்ட் மறுபடியும் பட்டியலில் எழுதினார். சண்முகத்தாய் அண்ணாச்சி வீட்டுக் கொல்லைக்குப் போய், பந்தல் குழிக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டாள். முதல் வெள்ளிக்கிழமை காலையில் கீலைப் பெயர்த்து, பின்கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தபடி அவள் போவதற்குக் காலை மடக்கி வழிவிட்டார். திங்கட்கிழமை புதுக் கதவு போட்டார், வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். வெள்ளிக்கிழமை லெச்சுமி வெளியே போகக்கூடாது என்று அவரும் சொல்லவில்லை, கதவு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடிக்குள் அவள் வீட்டில் பத்தொன்பது கதவுகள் சாத்தியிருந்தன, ஆள் படுக்க இடமில்லை. அதற்குப் பிறகு கதவு போடுவதை விட்டுவிட்டார்கள். பெண்கள் வெறும் நிலை வழியாகப் போய்வந்தார்கள். அந்த வழியில் யாரும் பஞ்சு திருடவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் சண்முகத்தாய் கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, தீ நிலையை விட்டு இறங்கியது. தெருவில் ஒரு மாட்டுவண்டிக்கு ஒதுங்கி நின்று, அது போனதும் ரோட்டைக் கடந்தது. எதிரே கடலை எண்ணெய் ஆலைக்குப் போன வாரம்தான் பின்கதவு மாட்டியிருந்தார்கள், அதில் பித்தளைப் பூட்டு. தீ அந்த ஆலையின் முன்வாசல் நிலையில் ஏறி, வசதியாக உட்கார்ந்துகொண்டது. உள்ளே நாற்பது பெண்கள் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். சண்முகத்தாய் மிச்சக் கஞ்சியைக் குடித்து, கையைக் கழுவிக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அதனால் சாவி கேட்டுப் பார்க்கவில்லை.