டெய்சிக்கு ஒரு புனிதை

திண்டுக்கல்லில் டெய்சி டீச்சர் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யாருடைய பெயருக்குரிய புனிதருக்குத் திருநாள் வருகிறதோ, அவர் அன்றைக்கு அடுப்பங்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. உட்கார்ந்த இடத்தில் பிரியாணி வரும். மாமனார் பவுல்ராஜுக்குச் சின்னப்பர் என்கிற புனித பவுலின் திருநாள். மாமியார் ஆரோக்கியம்மாளுக்கு ஆரோக்கிய மாதா திருநாள். கணவன் பிராங்கிளினின் ஞானஸ்நானப் பெயர் சவேரியார் என்பதால் டிசம்பரில் ஒன்று. வந்து போகும் நாத்தனார்கள், கொழுந்தன்கள், அவர்கள் பெற்ற பட்டாளம் என்று பார்த்தால் வருஷத்துக்கு நானூறு திருநாளாவது தேறும். அத்தனைக்கும் வெங்காயம் உரித்தவள் டெய்சி. அந்தத் தோலைக் குவித்திருந்தால் மலைக்கோட்டை மறைந்திருக்கும்.

அவளுக்கு மட்டும் திருநாள் கிடையாது. வத்தலக்குண்டில், புனிதர் திருநாளெல்லாம் கொண்டாடாத சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள். அழகாக இருக்கிறதே என்று அப்பா ஒரு பூவின் பெயரை வைத்துவிட்டார். "பூவுக்கெல்லாம் பூசை வைக்க மாட்டாக" என்று மாமியார் முதல் வருஷமே பேச்சை முடித்துவிட்டார்.

காலையில் சமையல், பகலில் ஆறாம் வகுப்பு இங்கிலீஷ், சாயங்காலம் மறுபடி சமையல். நின்றுகொண்டே தூங்க டெய்சி பழகியிருந்தாள். ஒருமுறை கரும்பலகையில் தேதி எழுதி முடிப்பதற்குள் இரண்டு கனவு கண்டுவிட்டாள்.

அந்தச் செப்டம்பரில் பாடத்தில் பூக்களின் பெயர்கள் வந்தன. பிள்ளைகளுக்குச் சொல்லலாமென்று பள்ளி நூலகத்துப் பெரிய அகராதியைப் புரட்டினாள். டெய்சி என்றால் பழைய இங்கிலீஷில் 'பகலின் கண்'. விடிந்தால் இதழ் விரித்து, அந்தியில் மூடிக்கொள்ளுமாம்.

"குடுத்து வச்ச பூவு" என்று முணுமுணுத்தாள்.

கீழே இன்னொன்றும் இருந்தது. பிரெஞ்சில் அந்தப் பூவுக்கு மார்கரீட் என்று பெயர். அதனால் இங்கிலாந்தில் மார்கரெட் என்ற பெண்களைச் செல்லமாக டெய்சி என்று கூப்பிடுவார்களாம். மார்கரெட்டின் வேர் கிரேக்கம், பொருள் முத்து. டெய்சிக்கு முத்தும் வேண்டாம், பவளமும் வேண்டாம். மார்கரெட் என்றொரு புனிதை இருக்கிறாள், அவளுக்கு அக்டோபரில் திருநாள் வருகிறது. அது போதும்.

அன்று சாயங்காலமே கேட்டுவிட்டாள். "அத்தை, டெய்சின்னா மார்கரெட்டுதானாம்."

ஆரோக்கியம்மாள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். "யாரு சொன்னா?"

"டிக்சனரில போட்டுருக்கு."

"டிக்சனரி என்ன பங்குச் சாமியாரா?"

பவுல்ராஜ் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "ஏன் ஆரோக்கியம், அந்தோணிய டோனின்னு கூப்பிடுறோம்ல. அவனுக்குப் பிரியாணி போடாமலா இருக்கோம்?"

"நீங்க செத்த சும்மா இருங்க. இம்புட்டு வருசமா எங்கிட்டுப் போயிருந்தா இந்த மார்கரெட்டு?"

"அடுப்பங்கரையிலதான் நின்னா அத்தை. நீங்கதான் பாக்கல."

அவரைக்காய் ஆய்ந்த கை நின்றது. மாமியார் மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தில் ஒரு படி நெல் காயப்போடலாம்.

"சரி. பூசைக்குச் சொல்லிருவோம்" என்றார்.

அக்டோபரில் அந்த நாள் வந்தது. காலைப் பூசை முடிந்து வந்த டெய்சி, சேலை மாற்றக்கூடத் தெம்பில்லாமல் கட்டிலில் விழுந்தாள். அப்பனும் மகனும் சமைத்தார்கள். தெருவிலுள்ள அண்டாவெல்லாம் போதாமல் அடுத்த தெருவிலும் வாங்கினார்கள். பிரியாணி குழைந்து கஞ்சியானதில், உறவினர்கள் அதை டம்ளரில் ஊற்றிக் குடித்ததாகக் கேள்வி. டெய்சிக்கு எதுவும் தெரியாது. வாழ்த்த வந்தவர்களையெல்லாம் ஆரோக்கியம்மாள் வாசலிலேயே மறித்தார்.

"ஒறங்குறா. சத்தங்காட்டாம வாங்க."

பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்த டெய்சி, அடுப்பங்கரையில் அப்படியே நின்றுவிட்டாள். கழுவாத பாத்திரம் சிறுமலை உயரத்துக்குக் கிடந்தது. உச்சியில் மேகம்தான் பாக்கி. கை தானாகத் தேங்காய் நாரை எடுத்தது.

"என்ன பண்ற?" பின்னால் மாமியார்.

"காஞ்சு ஒட்டிக்கிரும் அத்தை."

"ஒட்டத்தான் செய்யும்." அவரும் அந்த மலையைப் பார்த்தபடி பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் கால் கடுத்திருந்தது. நாரைப் பிடுங்கவும் இல்லை, தேய்க்கச் சொல்லவும் இல்லை.

டெய்சி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு நாரை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"எனக்கு இன்னும் திருநாள் முடியல அத்தை."

போய்ப் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள். கண் சொருகும்போது அடுப்பங்கரையிலிருந்து ஆரோக்கியம்மாளின் குரல் கேட்டது.

"ஏலே பிராங்கிளினு, சட்டையக் கழட்டிப் போட்டுட்டு இங்கிட்டு வா."