பிச்சிப்பூக் கட்டு

கனகதாஸ் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து பெண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்தவனில்லை. கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது, தோன்றாது, அவ்வளவுதான். பனச்சமூட்டு ரப்பர் ஷீட் கடையில் பகலெல்லாம் கட்டுச் சுமந்துவிட்டு உதியன்குளங்கரையில் பஸ் இறங்கும்போது அந்த மனுஷனுக்குக் கஞ்சி ஒன்றுதான் நினைவில் இருக்கும். அப்பேர்ப்பட்டவன் அந்த வருஷத்து இடவப்பாதிப் பருவமழையில் தினமும் வாழையிலைப் பொட்டலத்தில் பிச்சிப்பூவோடு வந்தான். பக்கத்து வீட்டு மினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பிள்ளை பெத்த பெறவாக்கும் அண்ணனுக்குப் புதுமாப்பிள்ளை நெனப்பு வந்திருக்கு!"

கனகதாஸ் பொட்டலத்தோடு உள்ளே போனான். பூ தலையில் வைக்க அல்ல. பிரேமகுமாரியின் மார்பில் கட்டிப் பாலை வற்ற வைக்க.

பிள்ளைக்கு இருபத்தெட்டாம் நாள் அரையில் கறுப்பு நூல் கட்டி, காதில் ஜிதின் என்று பேர் சொல்லி அதிக நாளாகவில்லை. ஒரு மத்தியானம் பிரேமகுமாரிக்குக் குளிர் நடுக்கிக் காய்ச்சல் வந்தது. இடது மார்பு சிவந்து கல்லாய் இறுகியிருந்தது. பிள்ளை வாய் வைத்தால் உயிர் போய் வந்தது. பேறுகாலம் பார்க்க வந்து தங்கியிருந்த கனகதாஸின் அக்காள் ஸ்ரீகுமாரி, தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"தள்ளைக்குக் காய்ச்சல்னா பாலு பிள்ளைக்கு விஷமாக்கும். இனி ஒரு சொட்டு குடுக்காண்டாம், மக்கா."

ஸ்ரீகுமாரி அதைப் பொல்லாப்புக்குச் சொல்லவில்லை. அவளுக்கும் ஒரு மகன் இருந்தான். அவளுக்குக் காய்ச்சல் கண்ட வாரத்திலேயே அந்தப் பிள்ளைக்கும் கண்டது. அது தவழுமுன்பே போய்விட்டது. காய்ச்சல் பாலைக் கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று ஊர் சொன்னது. ஊருக்கென்ன, சொல்லிவிட்டு அவரவர் வீட்டில் போய்ச் சோறு தின்றது. அவள் மட்டும் அதை நம்பினாள். பிறகு அவளுக்குப் பிள்ளையே இல்லை. சூடு கண்ட பூனை. தம்பி வீட்டு அடுப்பையும் அணைக்கத்தானே பார்க்கும்.

பூச்சரத்தைச் சுருட்டி இரண்டு மார்பிலும் வைத்து, தோர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டினாள். நல்ல மார்பு எதற்கு என்று கனகதாஸ் கேட்டதற்கு, "ஒரே ரெத்தமில்லியாலே ரெண்டுலயும் ஓடுது?" என்றாள். அதற்குமேல் அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை. பூ வாடவாடப் புதுப்பூ வந்தது. பிள்ளைக்குப் பசும்பாலில் கிணற்றுத் தண்ணீர் கலந்து பால்குப்பியில் ஊட்டினார்கள். மழை பெய்து கலங்கிய கிணறு.

பிரேமகுமாரி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்தவளுக்கு, இனி அந்தப் பொறுக்க முடியாத வலி இல்லை என்பதே போதுமாக இருந்தது. பிள்ளை அழுதபோது முதலில் மார்பு கடுத்தது. பிறகு அதுவும் நின்றது. அழுகை அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல் கேட்டது. பூவின் மணம் மூக்கை அடைத்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். துக்கமில்லை, பயமில்லை, ஒன்றுமில்லை.

பிள்ளைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. முதலில் பால் மாறியதால்தான் என்றாள் ஸ்ரீகுமாரி. பிறகு துணி மாற்றி மாளவில்லை. ஒருநாள் விடியும்போது உச்சிக்குழி குழிந்து, அழக்கூடச் சத்தமில்லாமல் கிடந்தது பிள்ளை. கனகதாஸ் ஓடிப்போய் ஒரு ஜீப்பைக் கூட்டிவந்தான். நெய்யாற்றின்கரைக்குப் போகிற வழியெல்லாம் ஸ்ரீகுமாரி தெய்வங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளையை மடியில் வைத்திருந்த பிரேமகுமாரி வெளியே ஓடும் கடைகளைப் பார்த்தாள். இந்தப் பிள்ளை செத்துப்போகும் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, நெஞ்சில் எங்கும் தைக்கவில்லை.

ஆசுபத்திரியில் பிள்ளையின் காலில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். டாக்டரம்மா தாயையும் பார்த்தார். தோர்த்தை அவிழ்த்ததும் கறுத்துப்போன பூ தரையில் உதிர்ந்தது. அவர் சத்தம் போடவில்லை. பால் கட்டி நின்று பழுக்கப் பார்த்திருக்கிறது, மாத்திரை தருகிறேன் என்றார். இனி குப்பி வேண்டாம், பால் இல்லாவிட்டாலும் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பிள்ளையை வையுங்கள், சப்பச் சப்பத்தான் ஊறும் என்றார். பால் இறங்கினால் இவன் தேறுவான், மறுபடி குப்பிக்குப் போனால் எனக்கு உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

"காய்ச்சலுக்க பாலு..." என்று இழுத்தாள் ஸ்ரீகுமாரி.

"இந்தக் காய்ச்சலில் பால் விஷமாகாது. கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் கட்டும் இளகியிருக்கும், பிள்ளைக்கும் இது வந்திருக்காது."

"அப்போ... முன்னே எனக்கொரு பிள்ளை..."

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார். ஸ்ரீகுமாரி கேள்வியை முடிக்காமல் நின்றாள். பிறகு குனிந்து, தரையில் கிடந்த பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிரேமகுமாரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும் என்று நினைத்தாள். தேடிப் பார்த்தாள். வரவில்லை.

பிள்ளையை மார்பில் வைத்தார்கள். அது இரண்டு முறை சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. குப்பிக்குப் பழகிய வாய். மறுபடி வைத்தார்கள். மறுபடி திருப்பியது. ஸ்ரீகுமாரி வெந்நீர் வாங்கி வந்து, துணி நனைத்துப் பிழிந்து மார்பில் ஒற்றி, விரலால் மெல்ல நீவி விட்டாள். பொழுதெல்லாம் அதுதான் அவளுக்கு வேலை. சாப்பிடக் கூப்பிட்டால் பிறகு என்றாள். பிரேமகுமாரி உடம்பை ஒரு சாமான்போல் அவளிடம் விட்டுக்கொடுத்திருந்தாள்.

நர்ஸ் ஒரு கரண்டியில் உப்புச்சர்க்கரைத் தண்ணீர் எடுத்து மார்பில் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னாள். ருசி கண்டாவது பிடிக்கட்டும் என்றாள். பிள்ளை பிடித்தது. தண்ணீர் தீர்ந்தது, விட்டது. மறுநாளும் இதேபோல. மார்பில் ஒன்றுமில்லை. கனகதாஸ் ஜன்னலோரம் நின்று, "வருதா?" என்று கேட்பான். பிரேமகுமாரி இல்லை என்று தலையாட்டுவாள். அவன் வராந்தாவுக்குப் போய்விடுவான்.

பிறகு ஒரு சாயங்காலம் கரண்டியில் தண்ணீர் தீர்ந்தும் பிள்ளை விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தது. பிரேமகுமாரிக்கு முதுகிலிருந்து ஏதோ சுண்டியது. மார்புக்குள் ஆயிரம் ஊசி இறங்கியது. ஐயோ என்று வாய்விட்டுக் கத்தினாள். பிள்ளையின் கடைவாயில் வெள்ளையாக ஒரு கோடு வழிந்தது. மடக்மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இத்தனை நாளும் வராததெல்லாம் ஒன்றாக வந்தது. முதலில் பயம், இந்தத் தொண்டை ஓய்ந்துபோயிருக்குமே என்ற பயம். அதன் பின்னாலேயே கோபம்.

"எதுக்கு மைனி கெட்டினிய?" என்று கத்தினாள். "எனக்க பிள்ளை அழுதானே, பசிச்சுப் பசிச்சு அழுதானே, உங்களுக்குக் காது கேக்கலியா? அவனைக் கொல்லப் பாத்தியளே! உங்களுக்க பிள்ளை போனா எனக்க பிள்ளையும் போகணுமா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று பிரேமகுமாரிக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அழுகையில் உடம்பு குலுங்கிற்று. ஸ்ரீகுமாரி எழுந்து போகவில்லை. கண் துடைக்கவும் இல்லை. பிள்ளையின் தலை நழுவாமல் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"திட்டு மக்கா, இன்னும் திட்டு. உடம்பை மட்டும் குலுக்காத. பிள்ளை குடிக்குது."