படத்தில் நின்ற உழவு மெசின்

“உனக்கு எப்பயடி உழவு மெசின் இருந்தது? ஊர்ச்சனம் முழுக்க இங்கதான் இருக்குது. சொல்லு பாப்பம்!”

“என்ர வளவுக்குள்ள நான் என்னத்தையும் கீறுவன். உனக்கென்ன, கனகம்மா?”

“வாடகை மெசின் பிடிச்சு உழுத வீடு. இப்ப பாரன், நாலு சில்லு, புகைக்குழாய், அதுவும் சிவப்பு நிறம்!”

“உன்ர அண்ணர் வாங்க முந்தி நான் கீறிப்போட்டன் எண்டு எரியுதோ?”

கனகம்மா நிலத்தில் விரித்திருந்த படத்தின் ஒரு மூலையைப் பிடித்து இழுக்க, அன்னப்பிள்ளை மறுமூலையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சுற்றி இருந்த பெண்களில் பாதிப் பேர் இந்தக் கட்சி, மீதிப் பேர் அந்தக் கட்சி. நடுவில் நின்ற மெற்றில்டாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு அவளுக்கு நேர்முகப் பரீட்சை. பரீட்சை எடுக்க வந்தவர்கள் பின்னால் கதிரை போட்டு இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும். சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தின் இரண்டாவது வருடம் அது. பாலத்துச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் கொஞ்சம் சிரிக்கப் பழகியிருந்த நேரம். முகாம் முகாமாகப் போய் மருந்து கொடுக்கிற மனநல அணி ஒன்று மன்னாரில் இருந்தது. டொக்டர் சிங்கராசா, ஒரு தாதி, ஒரு வான், அதை ஓட்ட றஊப். இவர்களுக்குக் காசு கொடுத்த நிறுவனம், அணிக்குப் படைப்புக் கலைச் சிகிச்சையாளர் ஒருவரை எடுக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டியது. படம் கீற வைத்து, பாட வைத்து, நடிக்க வைத்து, வாயால் சொல்ல முடியாததைச் சனத்திடமிருந்து வெளியே எடுக்கிற உத்தியோகமாம். எங்கள் ஒழுங்கையில் நாங்கள் சிரித்த சிரிப்புக் கொஞ்சநஞ்சமல்ல. காய்ச்சலுக்குப் பனடோலே ஒழுங்காய்க் கிடைக்கவில்லை, இதற்குள் படம் கீற ஓர் ஆளா என்று கேட்டோம்.

எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டு மெற்றில்டா மட்டும் சிரிக்கவில்லை. அவள் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து திரும்பியவள். அங்கே பிள்ளைகளுக்குப் படம் பழக்கினாள், உளவளத் துணைக்கும் ஏதோ படித்தாள். இங்கே வந்து தொண்டர் ஆசிரியையாக இருந்தாள். தொண்டர் என்றால் சம்பளத்தைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை. முப்பது தாண்டிவிட்டது. கனடாவில் இருக்கிற தமையன் அவளுக்கு அல்போன்சு என்றொரு மாப்பிள்ளை பார்த்து, படமும் அனுப்பியிருந்தான். ஒரு சிவப்புக் காரில் சாய்ந்தபடி எடுத்த படம்.

“ஆள் எப்பிடிப் பிள்ளை?” என்று நான் கேட்டேன்.

“கார் வடிவாய் இருக்கு, அன்ரி,” என்றாள். அதற்கு மேல் அந்தப் பெட்டையிடமிருந்து ஒன்றையும் பிடுங்க முடியவில்லை.

தாய் அந்தோனியம்மா அக்கா விடுகிற ஆளல்ல. “விசர் ஆக்களோட வேலை செய்யிற பெட்டை எண்டு பேர் வந்தால் பிறகு ஆரடி உன்னைக் கட்டுவினம்? சரி, கடைசியாய் ஒருக்கால் போய்ப் பார். இந்த வேலை கிடைச்சால் இரு. கிடைக்காட்டி வாய் திறவாமல் கொழும்புக்குப் போய் விசா அலுவலைப் பார்க்க வேணும். பிறகு கதை இருக்கக் கூடாது.”

“ஓம் அம்மா,” என்றாள் மெற்றில்டா. நான் வேலிக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்ததால் என் காதாலேயே கேட்டேன்.

குமர்ப்பிள்ளை தனியாக வானில் போகக் கூடாது என்று அந்தோனியம்மா அக்கா என்னைத் துணைக்கு அனுப்பினார். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன், அது வேறு கதை.

பரீட்சை, பேசாலை வீதியில் இருந்த ஒரு முகாமில். வந்த விண்ணப்பங்களைக் கழித்துக் கழித்து இரண்டு பேரை வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். மற்றவர் மட்டக்களப்புக்காரர், கிருபைராசா. நாடகம் படித்த பட்டதாரி, தாடி, தோளில் துணிப்பை. கொழும்பிலிருந்து வந்த நிறுவன இணைப்பாளர் இராசேஸ்வரி அவரை ‘சேர்’ என்றும் இவளை ‘தங்கச்சி’ என்றும் கூப்பிட்டபோதே எனக்குப் போக்கு விளங்கிவிட்டது.

காலையில் கிருபைராசா. தகரக் கொட்டகைக்குள் பெண்களை வட்டமாக இருத்தி, புல்லாங்குழல் கசற் ஒன்றைப் போட்டு, கண்ணை மூடச் சொன்னார். பிறகு ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்து, மனதில் பூத்த பூவைக் கீறச் சொன்னார். எல்லோருக்கும் தாமரைதான் பூத்திருந்தது. ஒருத்தி கண்ணை மூடியவள் மூடியபடியே குறட்டை விட்டாள். ஒரு சத்தமில்லை, ஒரு சச்சரவில்லை. இராசேஸ்வரி அம்மா தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். காயட்டும் என்று வெளியே வைத்த தாமரைகள் இரண்டைக் கழுதை தின்றது மட்டும்தான் அன்றைய காலையின் சேதம்.

மத்தியானம் சோற்றுப் பார்சல் பிரித்தபோதுதான் அடுத்த கூத்துக்கு விதை போட்டார்கள். அதற்கு முந்தின கிழமை வேறொரு நிறுவனத்து ஆட்கள் வந்து, வீடு கட்டித் தரப் போகிறோம், நீங்கள் விட்டு வந்த வீடு வளவைக் கீறிக் காட்டுங்கோ என்று கேட்டுப் போயிருந்தார்கள். அந்த முகாமில் இருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் மன்னார்த் தீவுக்கு அப்பால் பெருநிலத்தில் ஒரே குளத்தடிக் கிராமத்துச் சனம். “காலமை பூக் கீறினது கை பழக,” என்று அன்னப்பிள்ளை சோற்றைக் குழைத்தபடி விளக்கம் சொன்னாள். “இப்ப வாற பிள்ளைதான் வீட்டு அலுவலுக்கு. வடிவாய்க் கீறுங்கோ.” எல்லோரும் ஓம் என்று தலையாட்டினார்கள். நான் அவர்களைத் திருத்தப் போகவில்லை. எனக்கென்ன தெரியும், ஒருவேளை வீடு கிடைத்தாலும் கிடைக்கும்.

மெற்றில்டாவின் முறை வந்தபோது தாள் இல்லை. தாமரை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. அவள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துவிட்டு றஊப்பிடம் போனாள். அவர் வானுக்குள் கிடந்த மருந்துப் பெட்டி மட்டைகளைப் பிரித்துக் கொண்டுவந்தார். அதை எல்லாம் சேர்த்து ஒட்டிப் பாய்போல் நிலத்தில் விரித்து, “எல்லாரும் இதிலையே கீறுங்கோ, அம்மா. மனசில என்ன வருதோ அது,” என்றாள்.

மனதில் என்ன வரும்? வண்ணப் பஸ்ரல் குச்சிப் பெட்டிக்குக் கிட்ட இருந்த அன்னப்பிள்ளை முந்திக்கொண்டு நட்டநடுவில் தன் வீட்டைப் போட்டாள். ஓட்டு வீடு. மாட்டுப் பட்டி. தென்னை. கிணறு. பிறகு அந்தச் சிவப்பு உழவு மெசின். மற்றவர்களுக்கு ஓரத்தில் ஒரு கோழிக்கூடு கீறக்கூட இடமில்லை. கனகம்மா எழும்பியது அப்போதுதான்.

இராசேஸ்வரி அம்மா கதிரையை விட்டு அரைவாசி எழும்பிவிட்டார். “இருங்கோ,” என்று டொக்டர் மெதுவாகச் சொன்னார்.

மெற்றில்டா சண்டையை விலக்கவில்லை. முழங்காலில் இருந்து, மட்டையைப் பார்த்து, “மெசின் நிக்கட்டும், அக்கா. அது எந்தப் பக்கத்தால வளவுக்குள்ள வாறது? படலை எங்கை?” என்று கேட்டாள்.

“படலை தெற்காலை,” என்றாள் அன்னப்பிள்ளை.

“பொய். தெற்காலை என்ர வேலி!” என்றாள் கனகம்மா.

“வேம்பு எங்கை நிண்டது?”

வேம்புக்கு ஒரு சண்டை. கோயிலுக்குப் போகிற ஒழுங்கைக்கு ஒரு சண்டை. எல்லோரும் மட்டைக்கு மேல் கவிழ்ந்து, ஆளை ஆள் இடித்துக்கொண்டு, கையில் கிடைத்த நிறத்தால் கீறினார்கள். காலையில் தாமரைக்கு வாய் திறக்காத சனம்தான் இது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். “கெணறு அங்கிட்டு இல்ல.”

எல்லோரும் திரும்பினார்கள். பேசியது பாலம்மா. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து வந்து, அன்னப்பிள்ளை வீட்டு வயலில் வேலைக்கு நின்ற குடும்பம். புருசன் செத்த நாள் தொடங்கி அவள் எவரோடும் கதைப்பதில்லை. டொக்டரிடம் வருவாள், குளிசையை வாங்குவாள், போவாள்.

“கெணறு மேக்கால. வேம்புக்கு அந்தாண்ட. ஷெல் விழுந்தப்ப அவரு கெணத்தடியிலதான் கெடந்தாரு. கெழக்கால இல்ல.”

கொட்டகைத் தகரத்தில் காகம் நடக்கிறது கேட்டது.

“ஓமடி பாலம்மா,” என்றாள் அன்னப்பிள்ளை. “மேற்குத்தான். நான் அவசரத்தில போட்டிட்டன்.” பஸ்ரலை அழிக்க முடியாது. அதனால் மேற்கே இன்னொரு கிணறு கீறினாள். அந்த வளவுக்கு இன்றைக்கும் படத்தில் இரண்டு கிணறு.

“அவருக்கு என்ன பேர், அக்கா?” என்று மெற்றில்டா கேட்டாள்.

“தங்கையா.”

“அண்டைக்குக் கிணத்தடியில வேற ஆர் நிண்டது?”

கனகம்மா பிடித்திருந்த மூலையை விட்டாள். “நான் நிண்டனான். வாளியோட,” என்று சொல்லி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பாலம்மா நகர்ந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேரும் அந்தப் பின்னேரம் பற்றித் தாங்களாகவே கதைத்தார்கள். நான் எவ்வளவோ கிட்டப் போயும் முழுவதும் கேட்கவில்லை. மெற்றில்டா இடையில் புகவே இல்லை. கேட்கிறவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

வகுப்பு முடிந்து எழும்பும்போது கனகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆனால் மெசின் இருந்ததில்லை. அது அது, இது இது,” என்றாள்.

முடிவு எடுக்கிற கூட்டம் பக்கத்துத் தடுப்பில் நடந்தது. தடுப்பு என்றால் தொங்கவிட்ட ஒரு தரப்பாள் சீலை. அதற்கு இந்தப் பக்கம் நானும் றஊப்பும் தேநீர் குடித்தோம்.

“மருத்துவ அணிக்குச் சண்டை மூட்டுற ஆளை எடுக்கேலாது, டொக்டர். கட்டுப்பாடே இல்லை.”

“மிஸிஸ், அந்தப் பாலம்மா ரெண்டு வருசமாய் என்னிட்டை வாறவ. அவவின்ர குரலை நான் இண்டைக்குத்தான் கேட்டனான்.”

“அது தற்செயல். கிருபைராசா பட்டதாரி. மேலிடத்துக்கு நான் என்ன எண்டு எழுதுறது, உழவு மெசினால சுகம் வந்தது எண்டோ?”

டொக்டர் இன்னும் ஏதோ சொன்னார். ஆனால் காசு கொடுக்கிறவர்கள் அவர்கள். வேலை கிருபைராசாவுக்குப் போனது. திரும்பி வரும்போது சாவடியில் ஆமிக்காரன் பஸ்ரல் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். மெற்றில்டா அவன் முடிக்கும்வரை வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கொழும்புக்குப் போக உடுப்பு மடித்தாள். நான் ஆறுதல் சொல்லப் போனேன், எத்தனை உடுப்பு எடுக்கிறாள் என்றும் பார்த்தேன்.

அடுத்த கிழமை கிருபைராசா அந்த முகாமுக்குப் போனார். கசற்றைப் போட்டார். ஒருத்தியும் கண்ணை மூடவில்லை.

“மற்றப் பிள்ளை எங்கை, ரீச்சர்ப் பிள்ளை?” என்று கேட்டவள் வேறு யாருமில்லை, கனகம்மாதான். “அன்னப்பிள்ளையின்ர வீடு மட்டும் மட்டையில ஏறிட்டுது. என்ர வீடு இன்னும் கீறவேயில்லை. அந்தப் பிள்ளை வந்து முடிக்கட்டும். அதுக்குப் பிறகு நீங்கள் எவ்வளவு பூ வேணுமெண்டாலும் கீறுங்கோ, தம்பி.”

மற்றவர்களும் அதே பாட்டு. ஊர் அரைகுறையாகக் கிடக்கிறது, ஊரை முடிக்க வேண்டும். பாலம்மா வாசலில் நின்று, “அந்தப் புள்ள வருமா?” என்று மட்டும் கேட்டாளாம். றஊப் என்னிடம் சொன்னது.

அன்று பின்னேரமே கிருபைராசா எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். அந்தோனியம்மா அக்கா இளைஞனைக் கண்டதும் மாப்பிள்ளை விசயம் என்று நினைத்து, அலுமாரியில் பூட்டி வைத்த கோப்பையை எடுத்துத் தேநீர் ஊற்றினார். அவர் வந்த விசயம் வேறு.

“மெற்றில்டா, நீங்கள் வராட்டி என்னை உள்ளுக்கே விடமாட்டாங்க. கொழும்புக்கு எழுதிட்டன். உங்களையும் எடுக்க வேணும், இல்லாட்டி நானும் இல்லை எண்டு. டொக்டரும் கையெழுத்து வெச்சிருக்கார்.”

“நான் உங்கட வேலையைப் பறிக்க வரேல்லை.”

“பறிக்கத் தேவையில்லை. எனக்குப் பாட்டு வரும், கூத்து வரும். இந்தச் சண்டை எனக்கு வராது.”

உதவியாளர் என்ற பெயரில் எடுத்தார்கள். “உதவியாளர் எண்டால் வேலையோ?” என்று அந்தோனியம்மா அக்கா கோயில் பங்குத்தந்தை சுவாமி வரைக்கும் போய் விசாரித்தார். வேலைதான் என்று சுவாமி சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மீற முடியாமல் மனிசி இரண்டு நாள் சாப்பாட்டோடு கோபித்துக்கொண்டு இருந்தார். மெற்றில்டா மடித்த உடுப்பையெல்லாம் திரும்பக் கொடியில் போட்டாள். கழுவாமலே உடுப்பைக் கொடியில் போட்டது அன்றைக்குத்தான் கண்டேன்.

ஊரைக் கீறி முடிக்க மாரிகாலம் முழுவதும் எடுத்தது. வீடு தருவதற்கு இது இல்லை என்று மெற்றில்டா முதல் நாளே விளக்கினாளாம். யாரும் நம்பவில்லை. ஆனாலும் வந்தார்கள், கீறினார்கள், சண்டை பிடித்தார்கள், கதைத்தார்கள்.

கிருபைராசாவுக்கும் அவளுக்கும் ஒழுங்கையில் நாங்கள் கட்டிய கலியாணம் நடக்கவில்லை. சுனாமி அடித்ததும் அவர் மட்டக்களப்புக்குத் திரும்பினார். அங்கேயே ஒரு தாதியைக் கட்டினார். முழு வேலையும் மெற்றில்டாவுக்கு வந்தது. அல்போன்சு பிறகு என் தங்கையின் மகளைக் கட்டினார். கார் கூட்டாளியுடையது என்று அவள் போன பிறகுதான் தெரிந்தது. பாலம்மா தம்பியோடு அரிப்புக் கிராமத்துப் பக்கம் குடிபோனாள், அங்கே மீன் காயப் போடுகிறாள், நல்லாய்க் கதைக்கிறாள், விலை குறைக்க மாட்டாள். கனகம்மாவின் மகன் அன்னப்பிள்ளையின் மகளை விரும்பிக் கட்டினான். சீதனம் பேசப் போன இடத்தில் கனகம்மா, “எங்களுக்கு வேற ஒண்டும் வேண்டாம், அந்தச் சிவப்பு மெசினைத் தந்தால் போதும்,” என்றாளாம்.

மெற்றில்டா இன்னும் கட்டவில்லை. கடைசியில் கனடாவுக்குப் போனது அந்தோனியம்மா அக்காதான். மகன் கூப்பிட, போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடியப் போன் எடுத்து, “இன்னும் படம்தான் கீறுறியோ?” என்று கேட்கிறார்.