பல் பிரியாத பூண்டு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 1961-இல் கோடைக்கானல் வானாய்வுக்கூடத்தைப் பார்க்கப் போனபோது, பக்கத்தில் நின்றவர் சொன்னார்: விண்மீன்களில் பல தனியாகப் பிறப்பதில்லையாம். அன்று பிடித்த தலைசுற்றல் இது. கட்டுரை எழுத உட்கார்ந்தேன், கதை வந்து நிற்கிறது.

முதல் தொடக்கம்: "ஒரு பெரிய வாயு மேகம் தன் எடை தாங்காமல் உள்ளே சரிந்தது. சரியச் சரியச் சுழற்சி கூடியது. ஒரே கட்டியாகத் திரளாமல் அங்கங்கே..."

சே! மனுஷ வாடையே இல்லை.

2

அதே மலையிலுள்ள பூம்பாறைக்குப் போவோம். முருகம்மாள் ஒரு பூண்டு விவசாயி வீட்டு மூத்த மருமகள். கொழுந்தன் வேலுமணியைப் பெறாத குறையாக வளர்த்தவள். இப்போது அவன் பெண்டாட்டியோடு கூக்கால் என்ற வேறொரு மலையூருக்குத் தனிக்குடித்தனம் கிளம்புகிறான். போனால் போனதுதான் என்று அவளுக்குப் பயம்.

அந்த வீட்டில் பாகம் பிரியும்போது ஒரு பூண்டை உடைத்து, பற்களை இரண்டு வீட்டுக்கும் விதையாகப் பங்கு வைப்பார்கள். அது இல்லாமல் புது அடுப்பு மூட்டக்கூடாது.*

(* இந்த வழக்கம் நான் கட்டிவிட்டது. பூம்பாறைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

முருகம்மாள் ஒரு பூண்டை உரித்தாள். ஒற்றைப் பல். இன்னொன்று, அதுவும் ஒற்றை. போன தடவை விதைப்பூண்டைக் குளிர் படாமல் அடுப்புக்கு நேர் மேலே கட்டித் தொங்கவிட்டது அவள்தான். விதைக்குக் குளிர் பட்டால்தான் பல் பிரியும்; விளைந்தது எதுவும் பிரியவில்லை.

"மூட்டைய ஏத்திட்டுக் குதிரைக்காரன் காத்துக் கெடக்கான் மதினி. வேணும்னே பண்ணீங்களா?"

"ஏலே, நான் சொன்னா பூண்டு கேக்குமா? வெரசா போகணும்னா போ!"

சொல்லிவிட்டு அழுதாள். (இதை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.)

3

இங்கேதான் குழம்பிப்போனேன். மேகம் உடைவது பிரிவா, பிறப்பா? ஒரே கட்டி வேகமாகச் சுழன்று இரண்டாகப் பிய்கிறது என்கிறார்கள் சிலர். இல்லை, சரியும்போதே மேகம் துண்டுபட்டுத் தனித்தனியாகத் திரள்கிறது என்கிறார்கள் வேறு சிலர். எப்படியானாலும் பிறந்த இரு விண்மீன்களும் ஒன்றையொன்று விட்டுப் போவதில்லை. நடுவிலுள்ள ஒரு புள்ளியைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. இதை முருகம்மாளுக்கு ஆறுதலாகச் சொல்லப் போனேன், மடையன்.

"நடுவுல யாருங்க இருக்கா?"

"யாருமில்லம்மா. வெறும் வெளி."

"அந்த வெறும் எடத்த நாந்தான் தெனமும் கூட்டிப் பெருக்கணுமாக்கும்?"

என் தாளுக்குத் திரும்பிவிட்டேன்.

4

முடிவு ஒன்று: பூண்டைக் கத்தியால் இரண்டாக நறுக்கிக் கொடுக்கிறாள். (நறுக்கியது முளைக்குமா? வேண்டாம்.)

முடிவு இரண்டு: வேலுமணி தங்கிவிடுகிறான். (பொய். குதிரையில் மூட்டை ஏற்றியாகிவிட்டது.)

முடிவு மூன்று: முழுப் பூண்டையும் அவனிடமே கொடுத்துவிட்டு முருகம்மாள்...

எழுத வரவில்லை. அவன் கை நீட்டியபடி நிற்கிறான். அவள் உள்ளங்கையில் அந்த ஒற்றைப் பூண்டு இருக்கிறது. அது யாரிடம் இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.