துரைக்கு முடி கொட்டுகிறது

அவள் கணவர் இறந்துபோன மூன்றாம் வாரத்தில்தான் துரைக்கு முடி கொட்டத் தொடங்கியது. துரை என்பது பூனை. வெள்ளை வெளேரென்று, வீடே தன் பேரில் இருப்பதுபோல நடக்கும் என்பதால் அவர் வைத்த பெயர்.

முதலில் அவளுடைய கறுப்புக் கோட்டில் பத்துப் பதினைந்து முடி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அங்கே எல்லோருக்கும் கறுப்புக் கோட்டுதான். தட்டிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் சோபா, திரைச்சீலை, தலையணை உறை என்று ஒன்று விடாமல் வெள்ளை பூத்தது. காலை வெயில் ஜன்னல் வழியே சாயும்போது முடிகள் அந்தரத்தில் நின்றன. விழவும் இல்லை, பறக்கவும் இல்லை. தண்ணீருக்கடியில் குடியிருப்பதுபோல் இருந்தது அவளுக்கு. பேசினால் குமிழி வருமோ என்று வாயை மூடிக்கொண்டே அறைக்கு அறை நடந்தாள்.

போர்வையையும் கோட்டையும் சேர்த்து மெஷினில் போட்டாள். அது இன்னும் மோசம். ஒரு துணியில் இருந்த முடி எல்லாத் துணியிலும் அப்பிக்கொண்டு வெளியே வந்தது.

ஒன்பது வருடமாகக் கண்ணில் படாத முடி. ஏக்கத்தில் உதிர்கிறது, இதுவும் அவர் பின்னாலேயே போகப் பார்க்கிறது என்று முடிவுகட்டிவிட்டாள். இதையும் பறிகொடுத்தால், அவள் வீட்டுக்குள் நுழையும்போது தலை தூக்கிப் பார்க்க ஒரு ஜீவன் இருக்காது.

பார்க்க வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன அண்ணி, உங்களுக்கும் பூனைக்கும் வித்தியாசமே தெரியல!”

“சிரிக்காதே. அது செத்துக்கிட்டிருக்கு.”

“எது, இதுவா?” உள்ளே வந்து பலகாரத் தட்டோடு உட்கார்ந்தாள். “என் தட்டுல கை வைக்குது பாருங்க.”

“உன் முன்னாடி நடிக்குது.”

மறுநாள் இருவருமாகத் துரையைக் கூடையில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். ஒரு வாரம் சேர்த்த முடியை அவள் காகிதப் பையில் எடுத்துப் போயிருந்தாள். மருத்துவர் பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், தோலை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

“ஒரு கேடும் இல்லம்மா. எடை கூட ஏறியிருக்கு.”

“அப்ப இது?” பையை நீட்டினாள்.

“ஒரு வாரத்து முடியா? சரியாத்தான் இருக்கு. இது எப்பவும் இவ்வளவு கொட்டுமே.”

“எங்க வீட்டுல முடியே இருந்ததில்ல, டாக்டர்.”

மருத்துவர் பையை வாங்கி மேஜைமேல் வைத்தார். “உங்க வீட்டுக்காரர் சொன்னதில்லையா? ரப்பர் கையுறையை ஈரமாக்கி ஒரே பக்கமா தடவினா திரண்டு வந்துடும்னு எனக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்தாரு. துணிய நனைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துடணுமாம். தினமும் நீங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள முடிச்சிடுவாராமே.”

நாத்தனார் கூரையைப் பார்த்தாள். அவள் பார்த்த விதமே காட்டிக்கொடுத்தது.

“உனக்கும் தெரியுமா?”

“அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு, அண்ணி. பூனை வந்த அன்னைக்கு அண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க? ‘என் கோட்டுல ஒரு முடி ஒட்டினாலும் பூனையோட சேர்ந்து நீங்களும் வெளியில போகணும்’னீங்களே.”

“விளையாட்டுக்குச் சொன்னேன்டி.”

“அவரும் விளையாட்டாத்தான் ஆரம்பிச்சாரு. ஒன்பது வருஷம் ஆயிடுச்சு.”

மறுநாள் விடிந்ததும் கையுறை மாட்டி, தண்ணீரில் தோய்த்து உதறிவிட்டு, சோபாவின் முதுகில் தடவினாள். முடி சுருண்டு திரண்டு, குட்டி மேகம்போல் உருண்டு வந்தது. துரை ஏறி, சுத்தமான இடமாகப் பார்த்துப் படுத்தது. அவள் விரட்டவில்லை, அடுத்த மெத்தைக்குப் போனாள்.

கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே வந்தபோது கால் தானாக நின்றது. தினமும் அங்கேதான் அவர் அவள் முதுகில் மேலிருந்து கீழாக ஒரு தடவை தடவி அனுப்புவார். கை ஈரமாக இருக்கும். “துடைச்சிட்டுத் தொட்டா என்ன?” என்று அவள் எரிந்து விழாத நாள் கிடையாது. “மறந்துட்டேன்” என்பார்.

கோட்டைக் கழற்றி நாற்காலி மேல் விரித்தாள். கையுறை இல்லாமல், வெறுங்கையை நனைத்து, அதன் முதுகைத் தடவினாள். நாலைந்து முடிதான் இருந்தது. ஒரு தடவையிலேயே வந்துவிட்டது. வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கும்வரை அவள் தடவிக்கொண்டே இருந்தாள்.